புளூ ஐஸ் வைட் டிராகன்: திறன் எதுவும் எழுதாத கார்டு எப்படி இத்தனை வருடம் நின்றது?

கேள்வி: 2 மார்ச் 2025

யூகியோ கார்டு ஆட்டத்தில் புளூ ஐஸ் வைட் டிராகன் உலகத்திலேயே நாலு பிரதிதான் அச்சடித்தார்கள், அதனால்தான் அந்த விலை என்று என் நண்பன் சொல்கிறான். இன்னொருவர், அது கார்ட்டூனால் பேர் வாங்கிய வெற்றுக் கார்டு, நிஜ ஆட்டத்தில் ஒன்றுக்கும் உதவாது என்கிறார். எது சரி?

2 மார்ச் 2025, இரவு

ரெண்டும் சரியில்லை. முதலில் அந்த நாலு கணக்கைப் பார்ப்போம்.

நாலு என்பது கதைக்குள் மட்டும். கசுகி தகாஹாஷியின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) 1996-ல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கியது. அந்தக் கதையில் இந்த டிராகன் கார்டு உலகில் நாலே நாலு. மூன்றை நாயகன் யூகியின் எதிரி செட்டோ கைபா நேர்மையில்லாத வழிகளில் சேர்க்கிறான். நாலாவது யூகியின் தாத்தாவிடம் இருக்கிறது. கைபா அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறான். வெறும் கொழுப்பில் கிழித்ததாகப் பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதில் கணக்கு இருக்கிறது. ஒரு டெக்கில், அதாவது ஒருவர் ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டில், ஒரே கார்டு மூன்றுக்கு மேல் வைக்கக்கூடாது. அதனால் நாலாவது அவனுக்கு உதவாது, எதிராளி கையில் போய்ச் சேர்ந்தால்தான் தலைவலி.

நிஜத்தில் கொனாமி நிறுவனம் 1999-ல் ஜப்பானில் அச்சடித்தது. வட அமெரிக்காவில் மார்ச் 2002-ல் வந்த முதல் பூஸ்டர் தொகுப்பின் (என்ன கார்டு என்று தெரியாமல் வாங்கும் பொட்டலங்கள்) பெயரே இந்த டிராகனின் பெயர்தான். அதே மாதம் புதியவர்களுக்கென்று வந்த கைபா ஸ்டார்ட்டர் டெக்கில் பெட்டிக்கு ஒன்று உறுதி. அமெரிக்க ஷோனென் ஜம்ப்பின் முதல் இதழோடு இலவச இணைப்பாகவும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை மறுபதிப்பு, எத்தனை புதுப் படம்! நல்ல நிலையில் இருக்கிற பழைய முதல் பதிப்புதான் அரிது. மற்றவை கடைக்குக் கடை கிடைக்கும்.

வெற்றுக் கார்டு என்ற பேச்சுக்கு நாளைக்கு வருகிறேன். அதை ரெண்டு வரியில் விடமுடியாது.

3 மார்ச் 2025

கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் சட்டம். பெயர் பொன்னெழுத்தில். அதன் கீழே எட்டு நட்சத்திரம். மூலையில் ஒளி வகையின் வட்டச் சின்னம். கீழே சின்னப் பெட்டிக்குள் சாய்வெழுத்தில் ரெண்டு வாக்கியம்: பழங்கதைப் புகழ் கொண்ட டிராகன், அழிப்பதற்கென்றே ஆனது, இதை எதிர்கொண்டு உயிரோடு திரும்பிக் கதை சொன்னவர் மிகச் சிலர். அட்டாக் 3000, டிஃபென்ஸ் 2500.

அவ்வளவுதான். சாய்வெழுத்தில் இருந்தால் அது வெறும் வர்ணனை என்று அர்த்தம். மற்ற பெரிய கார்டுகளில் ‘இதைச் செய்தால் அதை அழி, ரெண்டு கார்டு எடு’ என்று பத்தி பத்தியாக இருக்கும். இதற்கு ஆட்டத்தில் செய்ய ஒரே வேலை, 3000 பலத்தோடு அடிப்பது. இதை நார்மல் மான்ஸ்டர் என்பார்கள்.

ஆக, வெற்றுக் கார்டு என்று சொன்னவர் எழுத்துக்கு எழுத்து பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வெற்றிடம்தான் இந்த இழை முழுக்க நான் பேசப்போவது.

3 மார்ச் 2025, கொஞ்சம் கழித்து

3000 ஏன் அவ்வளவு பெரிய எண் என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்றைய மற்ற கார்டுகளோடு வைத்துப் பாருங்கள். நாயகன் யூகியின் டார்க் மஜீஷியன் 2500. அவன் நண்பன் ஜோனோச்சியின் ரெட் ஐஸ் பிளாக் டிராகன் 2400. அந்த முதல் தொகுப்பிலேயே சீக்ரெட் ரேர் என்ற மிக அரிய வகையாக வந்த டிரை ஹார்ன்ட் டிராகன் 2850. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முழு எண்ணில் இது உட்கார்ந்திருந்தது.

இன்னொன்று லைஃப் பாயிண்ட்ஸ், அது தீர்ந்தால் தோல்வி. மங்காவின் ஆரம்ப டூயல்களில், அதாவது கார்டு மோதல்களில், ஆளுக்கு 2000தான். புளூ ஐஸின் 3000 முழுசாக விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரே அடி. இந்தக் கார்டைப் பார்த்து எல்லாரும் நடுங்குவதற்குக் காரணம் கதாசிரியரின் மிகைப்படுத்தல் என்று நான் நினைக்கவில்லை, அந்த விதிகளில் அது அப்படித்தான். பிறகு பேட்டில் சிட்டி பகுதியில் 4000 ஆக்கினார்கள். நாம் கையில் வைத்து ஆடும் நிஜ ஆட்டத்தில் 8000. அதாவது மூன்று அடி வேண்டும். எதிராளி மூன்று அடி வாங்கும் வரை சும்மா இருக்கமாட்டான்.

இதோடு டிரிப்யூட் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள மான்ஸ்டரை இறக்க, மேசையில் உள்ள உங்கள் மான்ஸ்டர் ரெண்டைப் பலி கொடுக்க வேண்டும். மங்காவின் ஆரம்பத்தில் இந்த விதி கிடையாது. கைபா கையில் வந்ததும் அப்படியே இறக்கினான். கதையில் இறக்குவது சும்மா, நிஜத்தில் ரெண்டு உயிர். கதையில் ஒரு அடி, நிஜத்தில் மூன்று. கதையில் ராஜாவாக இருந்த கார்டு நிஜத்தில் ஏன் திணறியது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

5 மார்ச் 2025

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த டிராகன் கதையில் முதல்முதலாகச் சண்டைக்கு இறங்கியபோது கைபாவைத் தோற்கடித்தது.

மங்காவின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கைபா தாத்தாவின் கார்டைத் திருடி, போலி ஒன்றை வைத்துவிடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் யூகியோடு மோதும்போது அந்தத் திருட்டுக் கார்டை இறக்குகிறான். டிராகன் அவன் சொல் கேட்கவில்லை. அதன் மனசு தாத்தாவிடம் இருக்கிறது. தானாகவே அழிந்துபோகிறது. யூகி, செத்த மான்ஸ்டரை எழுப்பும் மான்ஸ்டர் ரீபார்ன் கார்டைப் போட்டு அதைத் தன் பக்கம் எழுப்பி, அதை வைத்தே கைபாவை முடிக்கிறான்.

டிவியில் மட்டும் பார்த்தவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள். உலகமெங்கும் ஓடிய 2000-ஆம் வருடத் தொடர் நேராகக் கார்டு கிழிக்கும் காட்சிக்கும், மூன்று புளூ ஐஸையும் யூகியின் எக்ஸோடியா என்ற மான்ஸ்டர் வீழ்த்தும் காட்சிக்கும் போய்விட்டது. அதற்கு முன் 1998-ல் டோயெய் நிறுவனம் எடுத்த தொடர் ஒன்று உண்டு. அதில் கைபாவுக்குப் பச்சை முடி!

அந்த ரெண்டு அத்தியாயத்தோடு கார்டு ஆட்டத்தை முடித்துக்கொள்ளத்தான் தகாஹாஷி நினைத்திருந்தார். அவர் கதையில் வாரத்துக்கு ஒரு விளையாட்டு வரும், போகும். வாசகர்கள் அந்தக் கார்டு ஆட்டத்தைப் பற்றியே எழுதிக் கேட்டதால்தான் அது திரும்பி வந்து கதையையே விழுங்கியது. இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு பேக்குக்கும் வேர் அந்த ரெண்டு வாரம்.

6 மார்ச் 2025

“நீங்கள் சின்ன வயதில் இதை ஆடியிருக்கிறீர்களா, அல்லது சேகரிப்பு மட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். ஆடியிருக்கிறேன். 2002 கோடை, கனடாவின் ஸ்காபரோ.

எங்கள் அடுக்குமாடியில் உடுப்புத் தோய்க்கிற அறைதான் அரங்கம். வரிசையாக நிற்கும் மெஷின்களின் மூடிதான் மேசை. தண்ணீரைப் பிழியும் கட்டம் வந்தால் மெஷின் அதிரும், கார்டெல்லாம் மெல்ல நகர்ந்து எதிராளி பக்கம் போகும். அதற்காகவே ஓடாத மெஷினாகப் பார்த்து இடம் பிடிப்போம். பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணா, பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் கைபா டெக் பெட்டி மூன்று வாங்கியிருந்தான். பெட்டிக்கு ஒரு புளூ ஐஸ், மூன்று பெட்டிக்கு மூன்று. மிச்ச கார்டெல்லாம் சப்பாத்துப் பெட்டிக்குள் போயிற்று.

ஒருநாள் ரெண்டு மான்ஸ்டரைப் பலி கொடுத்து புளூ ஐஸை இறக்கினான். எதிரே நாலாம் மாடிப் பெடியன் ஒரேயொரு கார்டைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

“டேய், இண்டைக்குச் சரி நீ,” என்று அண்ணா அடித்தான்.

பெடியன் கார்டை நிமிர்த்தினான். மேன் ஈட்டர் பக். அட்டாக் 450, டிஃபென்ஸ் 600. பூச்சி செத்தது. ஆனால் கவிழ்ந்து கிடக்கும் அந்தப் பூச்சி நிமிர்ந்தாலே வேலை செய்யும் திறன் ஒன்று உண்டு, மேசையில் உள்ள ஒரு மான்ஸ்டரை அழி என்பது. மூன்று கார்டு செலவழித்து இறக்கிய டிராகன், ஒரு கார்டுப் பூச்சியோடு சேர்ந்து குப்பைக்குப் போனது.

“அண்ணை, அது உங்கட டிராகனை விடப் பழைய பூச்சி,” என்றான் அந்தப் பெடியன். அண்ணா கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை. பிறகு அந்த பக்கைத் தனக்கு மாற்றித் தரச் சொல்லி அவனிடம் பேரம் பேசத் தொடங்கினான், அதுவும் ஒரு புளூ ஐஸைக் கொடுத்து. பெடியன் உடனே சம்மதித்தான்.

அந்தப் பேரத்தில் யார் ஏமாந்தது என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு முடிவு இல்லை. ஆட்டத்துக்கு அண்ணா செய்தது சரி.

6 மார்ச் 2025, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு துணைக்குறிப்பு. கைபா ஸ்டார்ட்டர் டெக்கிலேயே ரெண்டு மான்ஸ்டரைப் பலி கொடுக்கும் சிக்கலுக்கு மருந்து வைத்திருந்தார்கள். லார்ட் ஆஃப் டி என்ற மான்ஸ்டர் மேசையில் இருந்தால், டிராகன் அழைக்கும் புல்லாங்குழல் கார்டைப் போட்டு கையில் உள்ள டிராகன் ரெண்டை பலியில்லாமல் இறக்கலாம். ஆனால் பெட்டிக்கு ஒரு புளூ ஐஸ்தானே? மருந்து ரெண்டு பேருக்கு, நோயாளி ஒருவர். மூன்று பெட்டி வாங்கவைக்கும் வியாபாரத் தந்திரம் என்று அண்ணா அப்போதே சொன்னான். சொல்லிவிட்டு வாங்கினான்.

9 மார்ச் 2025

வார இறுதியில் பழைய டெக்குகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

கேயாஸ் எம்பெரர் டிராகன். எட்டு நட்சத்திரம், டிராகன், 3000 / 2500. பிளாக் லஸ்டர் சோல்ஜரின் தூதன் வடிவம். எட்டு நட்சத்திரம், ஒளி வகை, 3000 / 2500. ரெண்டும் புளூ ஐஸின் எண்களை அப்படியே சுமக்கின்றன. ஆனால் முதலாவது, 1000 லைஃப் பாயிண்ட்ஸ் கொடுத்தால் ரெண்டு பேர் கையையும் மேசையையும் மொத்தமாகத் துடைத்து, போன கார்டு ஒவ்வொன்றுக்கும் 300 வீதம் எதிராளிக்குச் சேதம் தரும். 2004-ல் இங்கே முதல் தடைப் பட்டியல் வந்தபோது அது அதில் இருந்தது.

ஒரே எண்கள். ஒன்று தடை செய்யும் அளவுக்குக் கொடியது, இன்னொன்று சப்பாத்துப் பெட்டியில். 2002-ல் நான் 3000 என்ற எண்ணைத்தான் பலம் என்று நினைத்திருந்தேன். எங்கள் வட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். இந்த ஆட்டத்தில் பலம் எண்ணில் இல்லை, எழுத்தில் இருக்கிறது என்று ரெண்டு வருடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. புளூ ஐஸில் எழுத்து இல்லை. அதனால் அந்தக் காலத்துப் போட்டிகளில் அதைக் காணவே முடியவில்லை.

9 மார்ச் 2025, மறுபடி

யோசித்துப் பார்த்தால் மேலே உள்ள குறிப்பு பாதிக் கதைதான்.

கொனாமி நினைத்திருந்தால் 3000-ஐ 4000 ஆக்கி, நாலு வரித் திறன் எழுதி, புதுப் புளூ ஐஸை வெளியிட்டுப் பழையதை மறந்திருக்கலாம். செய்யவில்லை. அசல் கார்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதைச் சுற்றி மற்ற கார்டுகளை எழுதினார்கள். வருடக்கணக்காக, ஒவ்வொன்றாக. எனக்கு இந்தக் கார்டின் மேல் இத்தனை பிரியம் வரக் காரணமே அதுதான்.

டிரேட் இன்: எட்டு நட்சத்திர மான்ஸ்டர் ஒன்றைக் கையிலிருந்து தள்ளினால் ரெண்டு கார்டு எடுக்கலாம். கையில் இறக்கமுடியாமல் தேங்கிக் கிடக்கும் புளூ ஐஸ், நாம் பிரிக் என்று திட்டுவோமே, அது ரெண்டு புதுக் கார்டாக மாறுகிறது. வைட் ஸ்டோன் ஆஃப் லெஜண்ட்: இந்தச் சின்னக் கல் கிரேவ்யார்டுக்கு, அதாவது செத்த கார்டுகள் சேரும் குவியலுக்கு, போனால் டெக்கிலிருந்து ஒரு புளூ ஐஸ் கைக்கு வரும். ஏன்ஷியன்ட் ரூல்ஸ்: பெரிய நார்மல் மான்ஸ்டரைக் கையிலிருந்து பலியில்லாமல் இறக்கு. சில்வர்ஸ் க்ரை: செத்த நார்மல் டிராகனை எழுப்பு. 2013-ல் இவற்றில் பலதைக் கூட்டி ஒரு ஸ்ட்ரக்சர் டெக்கே (அப்படியே ஆடத் தயாராக விற்கும் கட்டு) போட்டார்கள்.

அந்த 2013 டெக்கில் வந்த நீலக்கண் கன்னியைப் பார்த்ததும் மங்கா படித்தவர்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும். கதையின் கடைசிப் பகுதியில், பழைய எகிப்தில், கிசாரா என்ற பெண்ணின் உள்ளே இருக்கும் ஆவிதான் இந்த வெள்ளை டிராகன். பூசாரி சேத்தைக் காக்க அவள் உயிர் விடுகிறாள். சேத்தின் மறுபிறவி கைபா. மூன்று கார்டையும் பிடித்துக்கொண்டு யாரையும் நெருங்கவிடாமல் அலைந்த அந்த வெறிக்குக் காரணம் அங்கே இருக்கிறது. மேசையில் அந்தக் கன்னியை எதிராளி தாக்கினால், அவள் பின்னாலிருந்து புளூ ஐஸ் இறங்கி வருகிறது. கதையை அப்படியே விதியாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த கார்டு வடிவமைப்புகளில் அது முதல் வரிசை.

11 மார்ச் 2025

கேயாஸ் எம்பெரரோடு ஒப்பிட்டதைப் படித்து ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: அந்த 3000 / 2500 எண்களுக்கு ஆட்டத்தில் தனி மதிப்பு ஏதும் உண்டா?

உண்டு. மெலடி ஆஃப் அவேக்கனிங் டிராகன் என்ற ஸ்பெல், அதாவது மந்திரக் கார்டு. ஒரு கார்டைத் தள்ளினால், அட்டாக் 3000-க்குக் குறையாத, டிஃபென்ஸ் 2500-க்கு மேல் போகாத டிராகன் ரெண்டை டெக்கிலிருந்து எடுக்கலாம். புளூ ஐஸின் பெயரை எங்கும் சொல்லாமலே புளூ ஐஸுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

12 மார்ச் 2025

2016 பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த இழைக்கு அர்த்தமே இல்லை.

அந்த வருடம் ஏப்ரலில் ஜப்பானில் புதுத் திரைப்படம் வந்தது. அதையொட்டி வந்த கார்டுகளில் ஒன்று புளூ ஐஸ் ஆல்டர்னேட்டிவ் வைட் டிராகன். அதே 3000 / 2500. ஆனால் இதில் எழுத்து இருக்கிறது. கையில் ஒரு அசல் புளூ ஐஸ் இருப்பதைக் காட்டினால் போதும், பலியில்லாமல் இறங்கிவிடும். இறங்கியபின், தாக்கும் உரிமையை அந்த முறை விட்டுக்கொடுத்து எதிராளியின் மான்ஸ்டர் ஒன்றை அழிக்கலாம்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. பதினாலு வருடமாக ‘கையில் மாட்டிக்கொண்டால் போச்சு’ என்று பயந்த கார்டு, இப்போது கையில் இருந்தே ஆக வேண்டிய கார்டு. அசலை டெக்கிலிருந்து தூக்கினால் புதியது ஓடாது. கூடவே புளூ ஐஸ் ஸ்பிரிட் டிராகன் என்ற மான்ஸ்டர். அது மேசையில் நிற்கும்வரை இருவரில் யாரும் ஒரே நேரத்தில் ரெண்டு மான்ஸ்டரை ஸ்பெஷல் சம்மன் செய்யமுடியாது, அதாவது வழக்கமான முறை தவிர வேறு வழியில் இறக்கமுடியாது. ஒரே வீச்சில் நாலைந்தை இறக்கும் பெண்டுலம் டெக்குகள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றின் கழுத்திலேயே கைவைத்தது.

ஆகஸ்டில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உலக சாம்பியன்ஷிப். கோப்பையை ஜப்பான் ஆட்டக்காரர் வென்றார், புளூ ஐஸ் டெக்கை வைத்து.

செய்தி வந்த அன்று அண்ணா எனக்குத் தொலைபேசி எடுத்தான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஆட்டத்தை விட்டே பல வருடமான மனுசன். “பாத்தியா, நான் அப்பவே சொன்னனான்,” என்றான். அவன் அப்போது அப்படி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அதை யார் மறுப்பது?

15 மார்ச் 2025

விலை பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி.

2002 வட அமெரிக்க முதல் தொகுப்பின் ஃபர்ஸ்ட் எடிஷன், தர மதிப்பீட்டில் உச்ச மதிப்பெண் வாங்கியது என்றால் பல்லாயிரம் டாலர். அதே கார்டு, அதே படம், ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறை இல்லாமல் பள்ளிக்கூடப் பையில் கிடந்து மூலை மழுங்கியது என்றால் அதில் சின்னப் பங்குகூட வராது. சமீபத்திய மறுபதிப்பு என்றால் ஒரு தேநீரும் பணிஸும் வாங்கும் காசு.

விசித்திரமான விலைக் கதை என்றால் 2021 ஜூன் மாதத்துச் சீனா. அன்ஹுய் மாகாணத்தில், அரசுப் பணத்தைக் கையாடிய ஊழியர் ஒருவரிடமிருந்து பறிமுதலான பொருட்களை நீதிமன்றம் ஆன்லைனில் ஏலம் விட்டது. அதில் ஒன்று இருபதாம் ஆண்டு நிறைவுக்கு வெளியிட்ட தங்கப் புளூ ஐஸ். ஆரம்ப விலை 80 யுவான். ஏலம் போட்டவர்கள் அதை 8 கோடி 70 லட்சம் யுவானுக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள்! நிஜ மதிப்புக்கும் கேட்ட விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று நீதிமன்றம் ஏலத்தை நிறுத்தியது.

80 யுவான் என்று குறித்த அதிகாரிக்கு அது என்ன பொருள் என்றே தெரியவில்லை என்பது என் எண்ணம். கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

15 மார்ச் 2025, இன்னும் கொஞ்சம்

பழைய வட அமெரிக்கப் பதிப்பை வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது: படத்தின் வலது கீழ்ப்புறம் தொகுப்புக் குறியீடு. முதல் தொகுப்பு என்றால் எல்ஓபி 001, கைபா டெக் என்றால் எஸ்டிகே 001. ரெண்டும் அல்ட்ரா ரேர் என்ற அரிய வகைதான், ஆனால் விலையில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம், ஏனென்றால் பின்னது பெட்டிக்கு ஒன்று வந்தது. படத்தின் இடது கீழ்ப்புறம் ஃபர்ஸ்ட் எடிஷன் என்று இருக்கிறதா பாருங்கள். வலது கீழ் மூலையில் சதுர ஹாலோகிராம்: முதல் பதிப்புக்குப் பொன்னிறம், மற்றதற்கு வெள்ளி நிறம். முதல் பதிப்பு என்று எழுதிவிட்டு வெள்ளிச் சதுரம் வைத்திருந்தால் வாங்கவேண்டாம். இடது கீழ் மூலையில் எட்டு இலக்க எண் 89631139. வீடியோ கேம்களில் இந்தக் கார்டைத் திறக்க அடிக்கும் எண் அது. எனக்கு வங்கிக் கடவுச்சொல் மறந்தாலும் இது மறக்காது.

சின்ன வயதில் ஒரு கடையில் எங்களுக்குப் போலிப் பொதி விற்றார்கள். கார்டு மெல்லியது, ஹாலோகிராம் இருக்கும் இடத்தில் வெறும் சாம்பல் கட்டம் அச்சடித்திருந்தது. உள்ளே நாலு புளூ ஐஸ். திறந்தபோது துள்ளிக் குதித்தோம், வீட்டுக்கு வருவதற்குள் மகிழ்ச்சி வடிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். குழந்தைகளிடம் செய்யக்கூடாத வேலை அது. இன்றும் இணையத்தில் அதே சரக்கு புதுப் பளபளப்போடு சுற்றுகிறது, கவனம்.

18 மார்ச் 2025

மூன்று புளூ ஐஸையும் இணைத்த அல்டிமேட் டிராகன், 4500 / 3800, கதையில் எப்படித் தோற்றது என்று கேட்டவருக்கு: அழுகி.

கோட்டை மேல்தளத்தில் நடக்கும் டூயல். யூகி ஒரு மாமத்தின் எலும்புக்கூட்டை எதிராளியான கைபாவின் டிராகனோடு ஃபியூஷன் செய்கிறான், அதாவது ஒன்றாகக் கலக்கிறான். செத்த உயிரோடு கலந்ததால் டிராகன் முறைக்கு முறை அழுகி அட்டாக் இறங்குகிறது. அதுவரை குரிபோ என்ற 300 அட்டாக் பஞ்சு உருண்டையைப் பெருக்கிப் பெருக்கிச் சுவராக வைத்துத் தாக்குப்பிடிக்கிறான். நிஜ விதிகளில் இது எதுவும் நடக்காது. அதனால் என்ன? எங்கள் உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒருவன் இதைச் செய்து பார்த்து, விதிப்புத்தகத்தை வைத்து ஒரு மணி நேரம் சண்டை நடந்தது.

18 மார்ச் 2025, நள்ளிரவு

தகாஹாஷி 2022 ஜூலையில் ஒகினாவா கடலில் இறந்தார். வயது 60. நீரோட்டத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற இறங்கியபோது போனார் என்று சில மாதம் கழித்துத் தெரியவந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அண்ணாவுக்கு அனுப்பினேன். பதில் வர ஒரு நாள் ஆனது. தன் மிச்ச ரெண்டு புளூ ஐஸையும் மேசையில் வைத்து எடுத்த படம், வேறு ஒன்றும் எழுதவில்லை.

23 மார்ச் 2025

நேற்று இங்கே உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்குப் போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீலக் கண்.

2025 பிப்ரவரியில் புதுப் புளூ ஐஸ் ஸ்ட்ரக்சர் டெக் வந்தது தெரிந்திருக்கும். அதற்குச் சற்று முன் பிரிமைட் என்ற கார்டு வரிசை வந்தது. அது நார்மல் மான்ஸ்டர்களை நம்பி ஓடும் வரிசை. திறன் எழுதாத மான்ஸ்டர் ஒன்று டெக்கில் இருந்தால்தான் அவை வேலை செய்யும். சரி, இப்போதைய ஆட்டத்தில் வைத்துக்கொள்ளத்தக்க நார்மல் மான்ஸ்டர் யார்? வேறு யார்! 2025 தொடக்கத்தில் ரெண்டையும் இணைத்து ஆடியவர்கள் பெரிய போட்டிகளின் முன்னணியில் இருந்தார்கள்.

எனக்கு எதிரே ஒரு பையன் அப்படித்தான் ஆடினான். என் கையில் எதிராளி மான்ஸ்டரின் திறனை முடக்கும் கார்டு ரெண்டு இருந்தது. அவன் வெறும் புளூ ஐஸை இறக்கி அடிக்க வந்தான். முடக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. என் ரெண்டு கார்டும் கையிலேயே கிடந்தன, 3000 விழுந்தது. எல்லாக் கார்டும் பத்தி பத்தியாகப் பேசும் காலத்தில், பேச்சை அடைக்கும் ஆயுதங்கள் எல்லார் கையிலும் இருக்கும்போது, பேசாத கார்டின் மேல் அவை எதுவும் ஏறவில்லை.

மார்ச் 3-ல் வெற்றிடம் என்று எழுதினேனே, நான் சொல்லவந்தது இதுதான். அண்ணாவின் கையில் பூச்சியிடம் செத்ததற்கும் காரணம் அந்த வெற்றிடம், நேற்று என்னை அடித்ததற்கும் அதே.

24 மார்ச் 2025

“என் மகளுக்குப் பதினொரு வயது, இந்தக் கார்டு வேண்டும் என்கிறாள், எதை வாங்குவது?” என்று கேட்டவருக்கு.

பழைய பதிப்பைத் தேடிப் போகவேண்டாம், அது அலமாரிக்கு. 2025-ல் வந்த ஸ்ட்ரக்சர் டெக்கை வாங்குங்கள். பெட்டியைத் திறந்ததும் ஆடலாம். அவளுக்குப் பிடித்துப்போனால் இன்னும் ரெண்டு பெட்டி, அப்போது முக்கியக் கார்டுகள் மும்மூன்றாகச் சேர்ந்து டெக் முழுசாக நிற்கும். ஸ்லீவ் முதல் நாளே போடுங்கள். உங்கள் பக்கத்துக் கடையில் வாராந்தர ஆட்டம் நடக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் புதுப் பிள்ளைகளுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். முதல் சில வாரம் தோற்பாள். கவிழ்த்து வைத்த கார்டை யோசிக்காமல் அடிக்கக்கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.